காதடிக் கட்டியும் ஒரு கோணல் சிரிப்பும்

ஒரு மனிதர் சிரித்த விதத்தைப் பார்த்து அவருக்குப் புற்றுநோய் என்று முடிவு கட்டியவன் நான். ஸ்கேன் எடுக்க முன்னமே, ஊசி குத்த முன்னமே முடிவு கட்டினேன். அதுவும் நான் சொன்ன ஒரு பகிடிக்கு அவர் மரியாதைக்காகச் சிரித்த சிரிப்பு. என் பகிடிகளுக்கு யாரும் முழு மனதோடு சிரிப்பதில்லை என்பது என் மனைவிக்கும் ஒப்பரேஷன் தியேட்டர் தாதிமாருக்கும் நன்றாகத் தெரியும். அரைச் சிரிப்புத்தான் எனக்கு வழக்கமாகக் கிடைப்பது. அன்றைக்குக் கிடைத்த அரைச் சிரிப்பை மட்டும் நோயின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன்.

காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். வெற்றிகளை எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆகவே இதை எழுதுகிறேன். நான் நேரத்தோடு ஓய்வு பெற்றவன். என் தலைமயிர் எனக்கும் முன்னரே ஓய்வு பெற்றுவிட்டது. கடைசிப் பத்து வருடங்கள் திருகோணமலையில், துறைமுகத்துக்குக் கிட்டத்தான் கத்தி பிடித்தேன்.

கிளினிக் நாளில் விடியவே, வெளியே ஆட்கள் குந்தியிருக்கும் வாங்குகள் நிறைந்துவிடும். மூதூர்ப் பக்கத்தார் முதல் பஸ்ஸில் வருவார்கள். கிண்ணியாக்காரர் அவர்களுக்கும் முன்னர் வந்து நம்பர் எடுத்திருப்பார்கள். தம்பலகாமத்தார் காட்டு யானை ரோட்டை விட்டு விலகிய பிறகு வருவார்கள். அந்தக் கூட்டத்தைச் சமாளிக்க நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன்: நோயாளி மட்டும் உள்ளே, கூட வந்தவர் வெளியே வாங்கில். அறை சின்னது என்பது நான் சொல்லும் காரணம். உண்மையான காரணம், நோயாளி ஒரு வரியில் சொல்வதைக் கூட வந்தவர் ஒரு தலைமுறைக் கதையோடு சேர்த்துச் சொல்வார். அந்த அறையில் நீளமாகக் கதைக்கும் உரிமை ஒருவருக்குத்தான் இருந்தது. அது யாரென்று சொல்லத் தேவையில்லை.

தர்மராசா கட்டைபறிச்சானிலிருந்து வந்தவர். ஐம்பது வயதளவில் இருக்கும். கடற்கரையில் கரைவலை இழுப்பை நடத்துபவர். வெயிலில் காய்ந்த, உரமான ஆள். இடது காதுக்குக் கீழே ஒரு தேசிக்காய் அளவில் கட்டி. அவருக்குப் பின்னால் அவருடைய மனைவி யோகம்மா, கையில் கிளினிக் கொப்பி, இரண்டு பை, ஒரு தண்ணீர்ப் போத்தல். கதிரையில் அவர் இருக்க முன்னமே அந்த அம்மா தொடங்கிவிட்டார்.

“டொக்டர், இவருக்கு முந்தி ஒருக்கா வள்ளத்தில...”

“அம்மா, நீங்கள் வாங்கில போய் இருங்கோ. நான் அவரிட்டயே கேக்கிறன்.”

“அவர் ஒண்டும் சொல்லமாட்டார் டொக்டர். வாய் திறக்கிற ஆளில்லை.”

“வாய் திறக்க வைக்கிறதுதான் அம்மா என்ர தொழில்.”

பக்கத்தில் நின்ற இரண்டு பயிற்சி வைத்தியர்களும் சிரித்தார்கள். அவர்களுக்கு நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். யோகம்மா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, பைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

“எவ்வளவு நாளா இருக்கு?” என்று தர்மராசாவிடம் கேட்டேன்.

“கனநாள்.”

“கனநாள் எண்டா? ஒரு வருசம்? ரெண்டு வருசம்?”

“அவதான் சொல்லுவா,” என்று கதவைக் காட்டினார்.

அந்த இடத்தில் ஒரு புத்தியுள்ள மனிதன் கதவைத் திறந்திருப்பான். நான் கட்டியை அமுக்கினேன். விரலுக்குக் கீழே வழுக்கி நகர்ந்தது. நோவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தேன். தொண்டைப் பக்கம் பொங்கவில்லை. இடது மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. எல்லாவற்றையும் கொப்பியில் ஒழுங்காக எழுதினேன். பிறகு, நீண்ட நேரம் பகிடி விடாமல் இருந்தால் எனக்கு மூச்சு முட்டும் என்பதால், “இதுக்குச் சோறு போடாமலே நல்லா வளர்த்திருக்கிறீங்கள், பிள்ளையளை விட லாபம்தான்,” என்றேன்.

அவர் சிரித்தார். வாய் வலது பக்கம் இழுபட்டது. இடது பக்கத்து உதடு அசையாமல் கிடந்தது.

நான் பயிற்சி வைத்தியர்கள் பக்கம் திரும்பினேன். என் குரல் தானாகவே விரிவுரைக் குரலாக மாறியது. கன்னத்துச் சுரப்பிக்கு ஊடாக முகநரம்பு கிளை விட்டுப் போகிறது, சாதுவான கட்டி அந்த நரம்பைத் தள்ளிக்கொண்டு வளருமே தவிரத் தின்னாது, கட்டிப் பக்கத்து முகம் அசையவில்லை என்றால் உள்ளே இருப்பது கெட்டது என்று சொன்னேன். இந்த விதி சரியானது. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. பிழையெல்லாம் அதைப் பொருத்திய ஆளில்தான். கண்ணை இறுக்கி மூடச் சொல்லவில்லை. கன்னத்தை ஊதச் சொல்லவில்லை. கீழ்ப்பல்லைக் காட்டச் சொல்லவில்லை. ஒரு சிரிப்பு எனக்குப் போதுமாக இருந்தது. ‘இடது கீழ்முகத்தில் நரம்புப் பலவீனம்’ என்று கொப்பியில் எழுதி, சிவப்புப் பேனையால் அடிக்கோடும் போட்டேன். அதற்கு நேர் மேல் வரியில் ‘இடது மேற்பல் இரண்டு இல்லை’ என்று என்னுடைய அதே கையெழுத்திலேயே இருந்தது. இரண்டு வரிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஊசி குத்திக் கலங்களை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். கூட அனுப்பும் படிவத்திலும் அந்த நரம்புப் பலவீனத்தை மறக்காமல் எழுதினேன். இந்தப் படிவத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்பி வரும்.

உங்களில் பலர் இந்த வகைக் கட்டியை இன்னும் கண்டிருக்க மாட்டீர்கள். கன்னச் சுரப்பியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை. அந்தச் சாதுக்களுக்குள்ளும் அரிதான சில உண்டு. அதில் ஒன்று பேசல் செல் அடினோமா. தன்னுடைய உறைக்குள் தானுண்டு தன் பாடுண்டு என்று கிடக்கும். அடினொயிட் சிஸ்டிக் என்று இன்னொன்று இருக்கிறது. அது புற்றுநோய். அவசரப்படாமல் வளரும், நரம்பு வழியே ஊர்ந்து போகும். ஊசியில் வரும் கொஞ்சக் கலங்களைப் பார்த்தால் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. முன்னதுக்குக் கட்டியை மட்டும் எடுத்தால் போதும். பின்னது நரம்பைப் பிடித்திருந்தால் நரம்பையும் வெட்ட வேண்டும். வெட்டினால் அந்தப் பக்கத்து வாய் திரும்ப எழும்பாது.

பதில் வந்தது. பேசல் வகைக் கலங்கள் தெரிகின்றன, சாதுவான அடினோமாவாக இருக்கலாம், ஆனால் சொல்லப்பட்ட நரம்புப் பலவீனத்தைக் கருதினால் அடினொயிட் சிஸ்டிக் இல்லையென்று தள்ளிவிட முடியாது என்று எழுதியிருந்தது. மூன்று பாகமுள்ள அந்த வாக்கியத்தில் கடைசிப் பாகத்தைத்தான் நான் வாசித்தேன். ஸ்கேனில் கட்டியின் விளிம்பு துப்புரவாக இருந்தது. ‘இன்னும் ஆரம்பம்’ என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனதில் ஒரு முடிவு குந்திவிட்டால், எதிர்ச்சாட்சிகள் எல்லாம் வாங்கில்தான் இருக்க வேண்டும்.

தர்மராசாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். புற்றுநோய் போலத்தான் இருக்கிறது, உயிருக்கு இப்போது ஆபத்தில்லை, ஆனால் கட்டியோடு நரம்பையும் எடுக்க வேண்டி வரும் என்றேன். ‘போல’ என்ற சொல்லை நான் எவ்வளவு மெதுவாகச் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கு விளங்கும். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“விசிலடிக்க ஏலுமோ டொக்டர்?”

பகிடி விடுபவனுக்கு உள்ள பெரிய குறை, மற்றவர் சீரியஸாகப் பேசும்போதும் பகிடி என்று நினைப்பது. “கடையில நல்ல விசிலா ஒண்டு வாங்கலாம்தானே,” என்றேன்.

“கடை விசில் ஒரு சத்தம்தான் போடும்,” என்றார்.

அன்றைக்குத்தான் அவர் கொஞ்சம் நீளமாகக் கதைத்தார். இப்போது கரைவலையை இழுப்பது இரண்டு டிராக்டர். கரையில் ஒன்றுக்கொன்று எவ்வளவோ தூரத்தில் நின்று, ஆளுக்கொரு கயிறாக இழுக்கும்; வரும் கயிற்றைப் பிடித்துச் சுருட்ட இருபது பேர். ஒன்று கூட இழுத்தால் வலை சரிந்துபோகும், உள்ளே வந்த மீன் போய்விடும். டிராக்டர் சத்தத்துக்கு மேலால் குரல் கேட்காது. கையைக் காட்டினால் வெயிலுக்கு எதிரே தெரியாது. அவருடைய விசில்தான் கேட்கும். இழு, நிறுத்து, வலப்பக்கம் மெதுவாக, இடப்பக்கம் மெதுவாக. நாலு விதமான விசில்.

“நான் விசிலடிக்காட்டி இருவது பேர் சும்மா கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிப்பினம்,” என்றார். அவ்வளவுதான். எழும்பிப் போனார்.

அவருடைய சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் காலை ஆய்வுகூடத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே இருந்த நோயியல் வைத்தியர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். சிரிக்காமல் கதைக்கும் பிள்ளை. என் பகிடிகள் அவரிடம் போய்ச் சுவரில் பட்ட பந்துபோலத் திரும்பி வரும். அடுத்த நாள் என்னென்ன மாதிரிகள் வரும் என்று அறிய, தியேட்டர் லிஸ்ட் அவருக்குப் போவது வழக்கம்.

“சேர், லிஸ்டில நரம்போட சேர்த்து எடுக்கிறதெண்டு போட்டிருக்கு.”

“ஓம். நீங்கள்தானே அடினொயிட் சிஸ்டிக் எண்டு எழுதினீங்கள்.”

“நான் அப்பிடி எழுதேல்ல. இல்லையெண்டு தள்ள ஏலாது எண்டு எழுதினனான். அதுவும் நீங்கள் படிவத்தில நரம்புப் பலவீனம் எண்டு எழுதினபடியால. அந்தப் பலவீனத்தை எப்பிடிச் சோதிச்சனீங்கள் சேர்?”

சோதிக்காத ஒன்றை எப்படிச் சோதித்தேன் என்று சொல்வது?

“உங்கட வரியைப் பார்த்து நான் சந்தேகப்பட்டிருக்கிறன். என்ர சந்தேகத்தைப் பார்த்து நீங்கள் முடிவெடுத்திருக்கிறீங்கள். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சாட்சிக்கு நிப்பாட்டியிருக்கிறம். வேற சாட்சி ஒருத்தரும் இல்லை சேர்.”

“கலங்களைப் பார்த்துச் சொல்ல ஏலாதோ?”

“ஊசியில எனக்கு வந்தது ஒரு பிடி மண். மதில் உடைஞ்சிருக்கோ இல்லையோ எண்டு மண்ணைப் பார்த்து எப்பிடிச் சொல்லுறது? இந்த ரெண்டுக்கும் வித்தியாசமே அந்த மதில்தான். அது எனக்குத் தெரியாது. நாளைக்கு உங்களுக்குத் தெரியும்.”

போனை வைத்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை வருட அனுபவம், இத்தனை கழுத்துகள் என்று மனதுக்குள் ஒரு ஊர்வலமே போனது. பிறகு, அனுபவம் இருக்கிறதா என்று அந்தப் பிள்ளை கேட்கவில்லை, எப்படிச் சோதித்தாய் என்றுதான் கேட்டது என்பது உறைத்தது. நோயாளர் பார்வை நேரத்தில் தர்மராசாவை அனுமதித்திருந்த வாட்டுக்குப் போனேன்.

தர்மராசா கட்டிலில் இருந்தார். யோகம்மா ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி வெளியே போக ஆயத்தமானார். பழக்கிவைத்திருந்தேன் பாருங்கள்.

“இருங்கோ அம்மா,” என்றேன்.

கண்ணை இறுக்கி மூடச் சொன்னேன். என் இரண்டு விரலாலும் திறக்க முடியவில்லை. கன்னத்தை ஊதச் சொன்னேன். காற்று இரண்டு பக்கமும் உறுதியாக நின்றது. கீழ்ப்பல்லைக் காட்டச் சொன்னேன். இரண்டு பக்கமும் இறங்கியது, இடப்பக்கம் கொஞ்சம் தயங்கியதோ என்று ஒரு மயக்கம். சிரிக்கச் சொன்னேன். பழையபடி கோணல். இப்போது நான் மூன்று சாட்சிகளையும் ஒரு கோணலையும் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கோணல் எப்போது வந்தது என்று தெரிந்தால் போதும்.

“அம்மா, இவர்ர பழைய படம் ஏதும் இருக்கோ?” என்று கேட்டேன்.

யோகம்மாவின் கையிலிருந்த கிண்ணம் கட்டிலில் சரிந்தது.

“படமோ?” என்றார். “ஏன் டொக்டர் இப்பவே படம்? மரண அறிவித்தலுக்கோ?”

நம்முடைய ஊரில் ஒரு ஆளின் பழைய படத்தை வைத்தியர் கேட்டால் வேறு என்ன நினைப்பார்கள்? முகம் தெளிவாகத் தெரிகிற படம் எதற்குத் தேவைப்படும் என்று எல்லாருக்கும் தெரியும். பக்கத்துக் கட்டில்காரர் எழும்பி உட்கார்ந்துவிட்டார். அவருடைய மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை நாளும் அழாத யோகம்மா அழத் தொடங்கினார். தர்மராசா மட்டும், “அழாத, கஞ்சி ஊத்துப்படுது,” என்றார்.

ஐயோ அம்மா, அப்படியில்லை, இந்தக் கோணல் சிரிப்பு எப்போதிருந்து என்று பார்க்கத்தான் என்று நான் சொல்லி முடிக்க எனக்கு வியர்த்துவிட்டது. அந்த அம்மா அழுகையை நிறுத்தினார். கண்ணைத் துடைத்தார். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“இந்த வாயோ?”

“ஓம்.”

“இது கலியாணத்துக்கு முதலே கோணல் டொக்டர்.”

போனை எடுத்து, மகள் பழைய அல்பத்திலிருந்து படம்பிடித்து அனுப்பியிருந்த கலியாணப் படத்தைத் தேடிக் காட்டினார். மாலையும் பட்டு வேட்டியுமாக ஒரு மெல்லிய தர்மராசா. சிரிக்கிறார். வாய் வலது பக்கம் இழுபட்டிருக்கிறது. அந்தப் படத்தில் காதுக்குக் கீழே கட்டியும் இல்லை, ஒன்றுமில்லை.

பத்தொன்பது வயதில் வள்ளத்துத் துடுப்பு அடித்து இடப்பக்கத்து இரண்டு பல் போனதாம். அந்த ஓட்டை தெரியக்கூடாது என்று அந்தப் பக்கத்து உதட்டைத் தூக்காமலே சிரித்துப் பழகிவிட்டாராம். விசிலும் வலது கடைவாயால்தானாம்.

“சிரிப்பும் அந்தப் பக்கத்தால, விசிலும் அந்தப் பக்கத்தால, பொய் சொல்லுறதும் அந்தப் பக்கத்தால,” என்றார் யோகம்மா. தர்மராசா சிரித்தார். அதே பக்கத்தால்.

பிழையைத் திருத்துவதற்கு அந்த அறையிலேயே ஒரு வேலை மிச்சம் இருந்தது. அது கத்தி பிடிப்பதைவிடக் கஷ்டமானது. நான் கட்டில் ஓரத்தில் இருந்து, “தர்மராசா, போன கிழமை நான் சொன்னதில கொஞ்சம் கூடிப்போச்சு,” என்றேன்.

“கான்சர் எண்டீங்கள்.”

“ஓம். அது தெரியாமச் சொன்னது. இப்பவும் தெரியாது. நல்லதாயும் இருக்கலாம், கெட்டதாயும் இருக்கலாம். உள்ளுக்குப் போய் நரம்பு சுகமா இருந்தா விட்டிட்டு வாறன். எடுத்த கட்டியை முழுசாப் பார்த்துத்தான் கடைசி முடிவு வரும். கெட்டதெண்டு வந்தா ரெண்டாந்தரம் வெட்ட வேண்டி வரலாம்.”

“ரெண்டாந்தரம் வலை போடுறது எங்களுக்குப் புதுசில்லை,” என்றார்.

சத்திரசிகிச்சையின் ஒழுங்கெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித்தருவார்கள். நான் ஒரு கால்மணி நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முகநரம்பின் தண்டைக் கண்டுபிடித்து, கிளைகளைப் பின்தொடர்ந்து வந்தபோது, உதட்டுக்குப் போகும் கிளை கட்டியின் மேல் இழுபட்டுக் கிடந்தது. பொதி கட்டிய கயிறு மாதிரி. எனக்கு உதவி செய்த வைத்தியர், கொப்பியில் நான் அடிக்கோடு போட்ட வரியை வாசித்தவர்.

“சேர், சந்தேகம் எண்டா நரம்போட எடுக்கிறதுதானே பாதுகாப்பு?” என்றார்.

யாருக்குப் பாதுகாப்பு என்பதுதான் அங்கே கேள்வி. நரம்போடு எடுத்தால் எனக்குப் பாதுகாப்பு. பிறகு கெட்டது என்று வந்தால், பார்த்தீர்களா என்பேன். நல்லது என்று வந்தால், சந்தேகம் இருந்ததே என்பேன். இரண்டு பக்கமும் எனக்கு வாசல் திறந்திருக்கும். வாய் எழும்பாமல் கரையில் நிற்கப்போவது தர்மராசா. விட்டுவிட்டு வந்து, அது கெட்டதாக இருந்தால், நரம்பு வழியே அது ஊர்ந்து போகக் கிடைக்கும் கிழமைகளுக்கும் நான்தான் பொறுப்பு. அதையும் நினைத்தேன். நினைக்காமல் விட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன்.

அந்தப் பிள்ளை சொன்ன மதிலைப் பார்த்தேன். சுற்றிவரப் பார்த்தேன். உறை முழுதாக, வழுவழுப்பாக இருந்தது. நரம்பு வெள்ளையாக, மெல்லிசாக, எங்கும் தடிக்காமல் இருந்தது. மெதுவாகத் தூக்கினேன், ஒட்டிக்கொள்ளாமல் எழும்பியது. கெட்டது பிடித்த நரம்பு அப்படி எழும்பாது. நரம்பை விட்டேன். கட்டியை உறை கிழியாமல், சுற்றியிருந்த சுரப்பியிலும் கொஞ்சத்தைச் சேர்த்து எடுத்தேன். சாதுதானே என்று உறையைக் கிழித்து உள்ளே இருப்பதைத் தோண்டி எடுக்கும் வேலையை ஒருநாளும் செய்யாதீர்கள். சிந்தியது திரும்ப முளைக்கும்.

அந்த இரண்டு மணித்தியாலமும் நான் ஒரு பகிடிகூட விடவில்லை. தையல் போடும்போது தியேட்டர் சிஸ்டர் மெதுவாகக் கேட்டார்: “சேருக்கு உடம்பு சரியில்லையோ?”

அடுத்த நாள் காலை தர்மராசாவைச் சிரிக்கச் சொன்னேன். இடப்பக்க வாய் தொங்கியது. கன்னத்தை ஊதச் சொன்னேன். இடப்பக்கத்தால் காற்று புஸ்ஸென்று போனது. தண்ணீர் குடித்தால் கடைவாயால் வழிந்தது. நான் கொப்பியில் சிவப்புப் பேனையால் அடிக்கோடு போட்டது இப்போதுதான் உண்மையாகியிருந்தது. நரம்பு வெட்டுப்படவில்லை, இழுபட்டதில் களைத்துப்போயிருந்தது. திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரியும் என்று சொல்ல அந்த வாட்டில் எனக்கு இனி எவ்வளவு மரியாதை இருந்தது? “வரும் எண்டு நினைக்கிறன். எப்ப எண்டு சொல்ல ஏலாது,” என்றேன். யோகம்மா துணியால் அவருடைய வாயைத் துடைத்துவிட்டு, “சரி,” என்றார். என்னைப் பார்க்கவில்லை.

கட்டியின் முழுப் பரிசோதனை முடிவு வந்த அன்று நோயியல் வைத்தியர் மறுபடி அழைத்தார். பேசல் செல் அடினோமா. உறை எங்கும் உடையவில்லை. முழுதாக வந்திருக்கிறது.

“உங்கட மதில் நல்ல மதில் சேர்,” என்றார். அவர் சொன்ன ஒரே பகிடி அதுதான் என்று நினைக்கிறேன். நான் சிரிப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

புற்றுநோய் இல்லை என்பது தர்மராசாவுக்குப் பாதி நல்ல செய்திதான். கண்ணாடிக்கு முன்னால் நின்று உதட்டைக் குவிக்க, கன்னத்தை ஊத, பல்லைக் காட்ட என்று பயிற்சி கொடுத்து அனுப்பினோம். முதல் மாதம் வந்தபோது விசில் இல்லை, இறுகாத இடது உதட்டால் காற்றுத்தான் வந்தது. கரையில் அவருடைய மச்சான் ஒரு தடியில் சிவப்புத் துணி கட்டி அசைத்து இழுப்பை நடத்துவதாகச் சொன்னார். டிராக்டர்காரர் இருவரும் ஒருவரோடொருவர் கதைப்பதில்லையாம். வலை சரிவது மற்றவனால்தான் என்று இருவரும் சொல்கிறார்களாம். இரண்டாம் மாதம் வந்தபோது உதடு கொஞ்சம் அசைந்தது. விசில் இல்லை. அந்த இரண்டு மாதமும் நான் வீட்டில் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் விசிலடித்துப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பிறந்ததிலிருந்தே விசிலடிக்க வராது. எந்தத் தசை எங்கே போகிறது என்று எல்லாம் தெரிந்த ஆளுக்குக் காற்றுத்தான் வந்தது. மனைவி கதவைத் தட்டி, “என்னப்பா, உள்ளுக்குத் தண்ணிக் கேத்தில் கொதிக்குதோ?” என்று கேட்டார்.

மூன்றாம் மாதம் முடிந்து ஒரு கிளினிக் நாளில் இருவரும் வந்தார்கள். என் சட்டத்தை நான் எப்போது கைவிட்டேன் என்று யாருக்கும் அறிவிக்கவில்லை. ஆனால் நோயாளியின் கதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை வந்திருந்தது. யோகம்மா கேட்காமலே அதில் இருந்தார். பைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

“எப்பிடி?” என்று தர்மராசாவைக் கேட்டேன்.

அவர் வலது கடைவாயைக் குவித்தார். இடது உதடும் கூடவே இறுகியது.

அந்தச் சின்ன அறையில் அது ஒரு விசில் இல்லை. காதுக்குள் ஆணி இறக்கியது மாதிரி இருந்தது. வெளியே வாங்குகளில் கதை நின்றது. ஊருக்குள் மாடுபோலத் திரிந்து ஆஸ்பத்திரி வளவில் வந்து படுத்திருந்த மான்கள் எழும்பி மதில் பக்கம் ஓடின. காவலாளி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றார்.

“இது நிறுத்து,” என்றார் தர்மராசா விளக்கமாக. “மற்றது மூண்டையும் அடிக்கவோ?”

“வேண்டாம், வேண்டாம். நம்புறன்.”

கொப்பியில் எழுதினேன். முகநரம்பு சுகம், கண் மூடுகிறது, காற்று நிற்கிறது, கட்டி திரும்பவில்லை. விசில் உண்டு என்றும் எழுதினேன். அதற்கு அடிக்கோடு போட்டேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது எனக்கு ஒரு சந்தேகம். தொழிலில் இவ்வளவு நாள் இருந்தும், வாயை மூடிக்கொண்டு கொப்பியைக் கொடுத்து அனுப்ப வேண்டிய நேரம் எது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பழைய குரலில், கொஞ்சம் செல்லமாகக் குற்றம் சொல்வது போல, யோகம்மாவைக் கேட்டேன்.

“ஏன் அம்மா, இந்தப் பல்லுக் கதையை முதல் நாளே சொல்லியிருந்தா எங்கள் எல்லாருக்கும் எவ்வளவு கஷ்டம் மிச்சம்? ஏன் சொல்லேல்ல?”

அவர் பைகளை எடுத்துக்கொண்டு எழும்பினார். புருஷனுடைய தோளைத் தட்டி எழுப்பினார். கதவடியில் நின்று திரும்பினார்.

“சொல்லத்தான் வாய் திறந்தனான் டொக்டர். வாங்கில போய் இருங்கோ எண்டீங்கள். போய் இருந்தனான்.”